முள்ளு நடுவுல நிக்கணும்

மிஷினைப் பாக்கத்தானே வந்தீங்க? கிட்டாரை இல்லையே? அதை முதல்லயே கேட்டுக்கிடணும் சார். விளம்பரத்துல ‘டியூனர் விற்பனைக்கு’ன்னு தெளிவாத்தான் போட்டிருந்தேன். ஆனா காலையில இருந்து போன் பண்ணின மூணு பேரும் கிட்டாரு என்ன விலைன்னே கேட்டாவ. கிட்டாரு விக்கிறதுக்கு இல்ல. அது என்னுதும் இல்ல. என்னுது இல்லைங்கிறதே எனக்குப் போன மாசந்தான் தெரிஞ்சுது. உக்காருங்க, சொல்லுதேன்.

உள்ள சத்தம் கேக்குதுலா? அதைக் கண்டுக்கிடாதீங்க. வேணும்னா கதவைச் சாத்துதேன். வேண்டாமா? சரி, உங்க இஷ்டம்.

இந்தா, இதான் மிஷின். கம்பியை மீட்டினா இந்த முள்ளு அசையும். சுருதி இறங்கியிருந்தா இடப்பக்கம் சாயும், ஏறியிருந்தா வலப்பக்கம் சாயும், சரியா இருந்தா நடுவுல நின்னு பச்சை விளக்கு எரியும். சின்னப்பிள்ளைக்கும் புரியும். எங்க சபையில இருக்கிற நானூறு பேருக்குத்தான் புரியலை.

என் பேரு சற்குணம். முப்பத்துமூணு வருஷம் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை போடுற வேலை. முத்திரை ஆய்வாளர். பாளையங்கோட்டையில பாதிக் கடைக்காரன் என் மூஞ்சியைக் கண்டாலே எந்திரிச்சு நிப்பான். கடைக்காரன் சத்தியம் பண்ணுவான். பிள்ளை தலையில கை வைப்பான். நான் அவன் மூஞ்சியைப் பாக்கவே மாட்டேன். முள்ளைத்தான் பாப்பேன். ஒரு மண்டியில தட்டுக்கு அடியில காந்தத்தை ஒட்டி வச்சிருந்தான். கையெடுத்துக் கும்பிட்டு, ‘எங்கப்பா காலத்துல இருந்து இந்தத் தராசுதான் சார்’னான். ‘உங்கப்பா காலத்துல இருந்தே காந்தமா?’ன்னு கேட்டேன். அப்படி ஆளு நான். வீட்டுல குழம்புக்கு உப்பு சரியா இருக்கான்னு பொண்டாட்டி கேட்டாக்கூட, எத்தனை கிராம் போட்டன்னுதான் கேப்பேன். அவளும் பாவம், கேக்கிறதை விட்டுட்டா.

அவ பேரு சுகிர்தம். அவ தம்பி எட்வின் கப்பல்ல எஞ்சின் பாக்கிறவன். அவந்தான் அஞ்சு வருஷத்துக்கு முந்தி இந்தப் பெடல் ஸ்டீல் கிட்டாரை அமெரிக்காவுல யாரோ வாசிச்சு விட்டதை வாங்கி, ரெண்டு பெட்டியில கொண்டுவந்து இறக்கினான். ‘அக்கா, இது உனக்கு’ன்னான். அவங்க அப்பா அந்தக் காலத்துல மடியில வச்சு வாசிக்கிற சாதா ஸ்டீல் கிட்டாரைக் கோயில்ல வாசிச்சவரு. கோயில்னா சர்ச்சு, எங்க ஊருல கோயில்னுதான் சொல்லுவோம். இவளும் கல்யாணத்துக்கு முந்தி அதுல ஏதோ தட்டிக்கிட்டு இருந்தாளாம். அதுக்காக, அக்கா தம்பிக்குள்ள பாசத்துல சொல்லுத ஒரு பேச்சை எழுத்து மூலமா வந்த உத்தரவு மாதிரி எடுத்துக்கிட முடியுமா?

நீங்களே சொல்லுங்க. இது சும்மா கிட்டாரு இல்ல. மேசை மாதிரி நாலு காலு. மேல பத்துக் கம்பி. கீழ மூணு மிதி, முழங்காலுக்கு நாலு லீவரு. மிதிச்சா சில கம்பி ஏறும். முழங்காலால தள்ளினா சில கம்பி இறங்கும். வலது கையில மீட்டணும், இடது கையில இரும்புத் தண்டைக் கம்பி மேல வழுக்கி விடணும், இடது காலால மிதிக்கணும், வலது காலால சத்தத்தைக் கூட்டிக் குறைக்கணும். பஸ் ஓட்டுறது இதைவிடச் சுளுவு. சேலை கட்டின பொம்பளை, கோயில்ல, நானூறு பேருக்கு முன்னால முழங்காலை ஆட்டி ஆட்டி மிதிச்சா நல்லாவா இருக்கும்? அதைத்தான் அவகிட்டயும் கேட்டேன். அவ ஒண்ணும் சொல்லலை. ஒண்ணும் சொல்லாட்டா சரின்னுதானே.

நான் ரிட்டயர் ஆகி மூணு மாசம் ஆகியிருந்துச்சு. ஆறேழு மாசம் வீடியோ பாத்துப் படிச்சேன். டியூனரை வரவழைச்சேன். கோயில்ல தூணுக்குப் பக்கத்துல எனக்குன்னு ஒரு ஸ்டூலு போட்டாவ. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, அந்த ஸ்டூலு எனக்குப் பெரிய விஷயம். ரிட்டயர் ஆன அன்னைக்குச் சால்வை போத்தி அனுப்பினாவ. மறுநாள் காய்கறிக் கடையில ஒருத்தன் எந்திரிச்சு நிக்கலை. முப்பத்துமூணு வருஷம் எந்திரிச்சவன், ‘என்ன வேணும், சீக்கிரம் சொல்லுங்க’ன்னான். இந்த ஸ்டூல்ல உக்காந்தப்புறந்தான் மறுபடி ஆளுங்க, ‘அண்ணாச்சி, இன்னைக்குப் பிரமாதம்’னு கையைப் பிடிச்சாவ. நாலு வருஷம் பிடிச்சாவ. எனக்கு அது வேணும்னு இருந்துச்சு.

நான் வேலை செய்யிற முறையைச் சொல்லுதேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு உக்காருவேன். ஒவ்வொரு கம்பியா மீட்டி, முள்ளை நடுவுல நிறுத்துவேன். அப்புறம் மிதியை மிதிச்சு நிறுத்துவேன். லீவரைத் தள்ளி நிறுத்துவேன். ஒரு மயிரிழை அங்க இங்க இருக்காது. ஏழு மணிக்குச் சபைக் கமிட்டி. எட்டரைக்குத்தான் திரும்புவேன். நான் போனதும் சுகிர்தம் ஒரு பழைய வேட்டித் துணியை எடுத்துக்கிட்டு வந்து கிட்டாரைத் துடைப்பா. நான் திரும்பி வரும்போது போர்வையைப் போட்டு மூடிக்கிட்டு இருப்பா. ஒன்றரை மணி நேரம் துடைப்பா சார். அவ்வளவு சுத்தம்.

ஒரே ஒரு குறை. ஒரு ஞாயித்துக்கிழமை கிட்டாரைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வச்சதும், சந்தேகத்துல மிஷினை மாட்டிப் பாத்தேன். மூணாவது கம்பி இறங்கியிருக்கு. ஆறாவது கம்பியும் இறங்கியிருக்கு. மத்ததும் லேசா அங்கிட்டும் இங்கிட்டும். பாட்டு தொடங்கியாச்சு, திருத்த நேரமில்ல. அப்படியே வாசிச்சேன். அன்னைக்கும் கையைப் பிடிச்சுப் பாராட்டினாவ. சரி, கட்டை ராத்திரியில ஈரம் குடிக்குதுன்னு முடிவு பண்ணினேன். அடுத்த வாரம் ஃபேனை நிறுத்தினேன். அதுக்கடுத்த வாரம் ரெண்டு போர்வை போட்டேன். கம்பி என்னவோ அதே அளவுக்குத்தான் இறங்குச்சு. ஈரத்துக்கு அப்படி ஒரு ஒழுக்கம்.

இன்னொண்ணும் சொல்லணும். பக்கத்து வீட்டு சங்கரபாண்டியன், தபாலாபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, ஒருநா மதில்சுவர்கிட்ட நிறுத்தி, ‘சார், ஞாயித்துக்கிழமை நீங்க வாசிக்கது மைக்குல கேக்கும், பரவால்ல. சனிக்கிழமை எட்டு மணிக்கு வீட்டுல வாசிப்பீங்க பாருங்க, அதான் வாசிப்பு. நானும் வீட்டம்மாவும் டிவியை நிறுத்திட்டுக் கேப்போம்’னாரு. சனிக்கிழமை எட்டு மணிக்கு நான் கமிட்டியில கோயில் காம்பவுண்டுக்குச் சுண்ணாம்பா பெயிண்டான்னு பேசிக்கிட்டு இருப்பேன். நாள் பூரா தேதியும் நேரமும் குத்திக் குத்தி மனுசனுக்கு நேரமே குழம்பிப் போச்சுன்னு நெனச்சேன். ஆனா பாராட்டை வாங்கிக்கிட்டேன். அதை எதுக்கு விடணும்?

இப்படிப் போயிக்கிட்டு இருந்ததுல, இந்த ஜனவரியில கோயம்புத்தூருல எங்க மக பெனிட்டாவுக்குப் பிரசவம். சுகிர்தம் கிளம்பிப் போனா. மூணு மாசம். எனக்குச் சோறுதான் கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன்.

அவ போன முதல் ஞாயித்துக்கிழமை. பாட்டு முடிஞ்சு யாரும் என் கையைப் பிடிக்கலை. ரெண்டாவது ஞாயிறு, பாடகர் குழுவை நடத்துற லில்லிபுஷ்பம் டீச்சர் பக்கத்துல வந்து, ரொம்ப மரியாதையா, ‘அண்ணாச்சி, ஸ்டீலு கொஞ்சம் புளிக்கு’ன்னா.

‘புளிக்குன்னா? மிஷினுல எத்தனை புள்ளி?’ன்னேன்.

‘புள்ளி எல்லாம் தெரியாது அண்ணாச்சி. பல்லு கூசுது.’

மிஷினை மாட்டிக் காட்டினேன். பத்துக் கம்பியிலயும் முள்ளு நடுவுல. பச்சை. ‘இப்ப சொல்லுங்க டீச்சர், பல்லு யாருக்குக் கோளாறு?’ன்னேன். அவ ஒரு மாதிரி சிரிச்சுட்டுப் போயிட்டா. இவ்வளவுக்கும் அவ கணக்கு டீச்சர்.

நான் அத்தோட விடுத ஆளா? முறையா விசாரணையைத் தொடங்கினேன். முதல்ல கீபோர்டைப் பரிசோதிச்சேன். அதை வாசிக்கிறது தேவசுந்தர், பேங்க்குல வேலை. அவன் மேல எனக்குக் கொஞ்ச நாளாவே ஒரு கண்ணு. கீபோர்டு சரியாத்தான் இருந்துச்சு. அப்ப தப்பு பாடுறவங்ககிட்டதான் இருக்கணும். அடுத்த ஒத்திகையில மேசை போட்டு, மிஷினை வச்சு, பாடகர் குழு மொத்தத்தையும் ஒவ்வொருத்தரா முன்னால வரச் சொன்னேன். ‘ஆ’ன்னு பிடிங்க. ம், அடுத்த ஆளு. தனியாப் பிடிக்கச் சொன்னா ஓரளவு சரியா இருந்தாவ. அப்புறம் மூணு குரலாச் சேந்து பாடச் சொல்லி, நடுக்குரல்காரங்க வாய்கிட்ட மட்டும் மைக்கை வச்சுப் பிடிச்சேன். அத்தனை பேரும் கீழ. ஒருத்தர் ரெண்டு பேருன்னா தொண்டைக் கட்டுன்னு விடலாம். ஏழு பேரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே அளவு கீழ இறங்கியிருக்காவ. பதிமூணு, பதினாலு புள்ளி. இதுல இருந்தே தெரியலையா, கூட்டுச் சதின்னு?

நோட்டுல எல்லார் பேரும், எதிர்ல அளவும், கடைசியில ‘தேறவில்லை’ன்னும் எழுதி, ரெண்டு நகல் எடுத்து ஐயருகிட்ட கொடுத்தேன். எங்க சபையில போதகரை ஐயர்னுதான் சொல்லுவோம். ஐயரு பொறுமைசாலி. கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சாரு. எனக்கு டீ வரவழைச்சுக் கொடுத்தாரு.

‘அண்ணன், அறிக்கை நல்லா இருக்கு. ஆனா இந்த ஏழு பேருல தொடங்கி ஒவ்வொருத்தரா நிறுத்தினா, கடைசியில மிச்சம் நீங்களும் கீபோர்டுந்தான் இருப்பீங்க’ன்னாரு.

‘சரியா இருக்கிறது மட்டும் இருந்தாப் போதும், ஐயர்’ன்னேன்.

அவரு அறிக்கையை மடிச்சு மேசை மேல வச்சாரு. அப்புறம், ‘ஏப்ரல்ல பிரதிஷ்டைப் பண்டிகை வருது. அதுவரைக்கும் பாப்போம். அதுக்குள்ள சரியாகலைன்னா, கொஞ்ச காலத்துக்குக் கீபோர்டு போதும் அண்ணன். நீங்க ஓய்வெடுங்க’ன்னாரு.

ஓய்வெடுங்க. ஏற்கெனவே ஒரு தடவை சால்வை போத்தி எடுக்க வச்சாச்சு. இப்ப ஸ்டூலையும் பிடுங்கி எடுக்க வைக்காவ. வீட்டுக்கு வந்தேன். பசிக்கலை. அவளுக்குப் போன் போட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். பின்னால குழந்தை அழுதுக்கிட்டு இருந்துச்சு. ‘கிட்டார்கிட்ட போனை வச்சு, மொத்தமா மீட்டுங்க’ன்னா. மீட்டினேன். ‘ஐயோ’ன்னா. எனக்குக் கோவம் வந்துச்சு. ‘மூணாவது கம்பியைக் கொஞ்சம் இறக்குங்க. ஆறாவதையும். முள்ளைப் பாக்காதீங்க, ஒரு நிமிஷம். காதால கேளுங்க. அது மத்த கம்பியோட சேந்து நிக்கணும். தனியா நின்னு என்ன செய்ய?’

நான் சொன்னேன், ‘சுகிர்தம், நீ பிள்ளைக்கு மருந்து ஊத்தும்போது அளவுமூடியைப் பாத்து ஊத்துவியா, பிள்ளை மூஞ்சியைப் பாத்து ஊத்துவியா?’

‘ரெண்டையும் பாத்து ஊத்துவேன்’னா. போனை வச்சுட்டா.

இப்ப பாருங்க, அவ சொன்ன மூணாவதும் ஆறாவதும், நான் அன்னைக்குக் கோயில்ல பாத்து இறங்கியிருந்த அதே மூணாவதும் ஆறாவதும். இது எப்படி இவளுக்குத் தெரியும்? வேற யாரா இருந்தாலும் அந்த இடத்துல பிடிச்சிருப்பான். நானும் பிடிச்சேன். என்ன பிடிச்சேன்? யாரோ ஒருத்தன் கிட்டாருல கை வைக்கான், அது கோயம்புத்தூர் வரைக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியலைன்னு பிடிச்சேன். முப்பத்துமூணு வருஷ சர்வீஸு.

பண்டிகைக்கு ரெண்டு நாள் முந்தி, வெள்ளிக்கிழமை, சுகிர்தம் வந்து இறங்கினா. சனிக்கிழமை ஆறு மணிக்கு நான் உக்காந்தேன். பத்துக் கம்பி, மூணு மிதி, நாலு லீவரு. எல்லாம் நடு. எல்லாம் பச்சை. அப்புறம் என் பழைய முத்திரைப் பெட்டியைத் திறந்து மெல்லிசு முறுக்குக் கம்பியை எடுத்து, கிட்டாரு கம்பியை முறுக்குற பத்துச் சாவிக்குள்ளயும் கோத்து இழுத்து, ரெண்டு நுனியையும் சேத்து ஈயவில்லை வச்சு, குறட்டால ஒரு அமுக்கு. முத்திரை. இனிமே எவனாவது ஒரு சாவியைத் திருப்பினாலும் கம்பி அறுந்து காட்டிக் கொடுத்துரும்.

சுகிர்தம் கையில வேட்டித் துணியோட வந்து நின்னா. முத்திரையைப் பாத்தா.

‘இது எதுக்கு?’

‘யாரோ கை வைக்கான். அதுக்கு.’

அவ அந்தத் துணியை நாலா மடிச்சா. எட்டா மடிச்சா. ‘யாருன்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க?’ன்னு கேட்டா.

‘சட்டப்படி நடவடிக்கை’ன்னேன்.

‘சரி’ன்னுட்டு அடுக்களைக்குப் போயிட்டா. அன்னைக்குத் துடைக்கலை. நான் நிம்மதியா கமிட்டிக்குப் போனேன்.

பண்டிகையன்னைக்குக் கோயில் நிறைஞ்சு வெளியிலயும் பந்தல் போட்டு ஆளு. பின்னால அசனத்துக்கு அண்டா ஏறியாச்சு. அசனம்னா, பண்டிகைக்கு ஊருக்கே போடுற சாப்பாடு. வெளியூருல இருந்து பிரசங்கத்துக்கு ஒரு பெரிய ஐயரு வந்திருந்தாரு. நான் முத்திரையை ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கிட்டேன். உடையலை. கைபடாத சுருதி. அப்படியே தொடங்கினேன்.

முதல் பாட்டுல பெரிய ஐயரு திரும்பி ஸ்பீக்கரைப் பாத்தாரு. ரெண்டாவது அடியில லில்லிபுஷ்பம் டீச்சர் கண்ணை மூடிக்கிட்டா. பக்தின்னு நெனச்சேன். ரெண்டாவது பாட்டு பாதியில எனக்கு மட்டும் தெரியிற மாதிரி உள்ளங்கையைக் காட்டினா. நிறுத்துங்கன்னு அர்த்தம். நான் கையை எடுத்தேன். கையை எடுத்ததும் பாட்டு நல்லாயிருச்சு சார். அது எனக்கே கேட்டுச்சு. அதான் கொடுமை.

பிரசங்கம் தொடங்குச்சு. நான் தூணைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அப்ப பொம்பளைங்க பக்கத்துல இருந்து ஒரு ஆளு எந்திரிச்சு நடுப்பாதையில நடந்து வருது. சுகிர்தம். தண்ணி குடிக்கப் போறான்னு நெனச்சேன். நேரா என்கிட்ட வந்தா. கைப்பையைத் திறந்தா. பேத்திக்கு வாங்கின சின்ன நகவெட்டியை எடுத்தா. என் முத்திரைக் கம்பியில வச்சு, டிக், டிக், டிக். மூணு கடி. ஈயம் தரையில விழுந்துச்சு. அரசாங்க வேலையில இருந்தப்ப இதுக்கு அபராதம் போட்டிருப்பேன்.

‘என்ன செய்யித?’ன்னேன், வாய்க்குள்ள.

‘நடவடிக்கை எல்லாம் வீட்டுல போயி எடுங்க’ன்னா.

குனிஞ்சு காதைக் கட்டையில ஒட்ட வச்சா. நகத்தால கம்பியைத் தொட்டும் தொடாம மீட்டி, மூணாவது சாவியைத் திருப்பினா. ஆறாவது. அஞ்சாவது கம்பிக்கு என் காலைத் தட்டி மிதிக்கச் சொன்னா. மிதிச்சேன். மறுபடி பையில கை விட்டு, மிதிக்கும்போது வார சுருதியைத் திருத்துற சின்ன இரும்புச் சாவியை எடுத்து, கிட்டாரோட அந்தக் கடைசியில ஒரு திருகு திருகினா. நாலு வருஷத்துக்கு முந்தி காணாமப்போயி, நான் வீட்டையே புரட்டித் தேடி, வேற வாங்கின சாவி. என் மூஞ்சியைப் பாக்கலை. மிஷினையும் பாக்கலை. மிஷின் பாட்டுக்கு இடப்பக்கம் இடப்பக்கம்னு கத்திக்கிட்டு இருக்கு. பெரிய ஐயரு பிரசங்கத்தை நிறுத்திட்டு எங்களையே பாக்காரு. நானூறு பேரும் பாக்காவ. அவ மூணு நிமிஷத்துல முடிச்சுட்டு, ‘ம், வாசிங்க’ன்னுட்டு அவ இடத்துக்குப் போயிட்டா.

பிரசங்கத்துக்கு அப்புறம் வந்த பாட்டை வாசிச்சேன். வேற என்ன செய்ய? வாசிச்சேன். முதல் வரியிலயே பாட்டும் கிட்டாரும் ஒண்ணாச் சேந்துருச்சு. லில்லிபுஷ்பம் டீச்சர் மறுபடி கண்ணை மூடினா, இந்தத் தடவை வேற மாதிரி. அந்த ஏழு பேரும் பாடுதாவ, என் கம்பி போயி அவங்க பக்கத்துல நிக்குது. அவங்க இறங்கின அளவுக்கே இதுவும் இறங்கி நிக்குது. யாருக்கும் புளிக்கலை.

அசனத்துல ஆளாளுக்கு வந்து கையைப் பிடிச்சாவ. ‘அண்ணாச்சி, பழைய கை திரும்பிட்டு’ன்னாவ. பழைய கை. அதுலதான் எனக்கு உறைச்சுது. பழைய கைன்னா யாரு கை? இலையை மூடிட்டு எந்திரிச்சேன். வெக்கமா இருந்துச்சு. ஒரு நாளுக்கு இல்ல, நாலு வருஷத்துக்கும் சேத்து வெக்கமா இருந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். ‘எத்தனை நாளா?’

‘முதல் மாசத்துல இருந்தே.’

‘ஏன் சொல்லலை?’

‘சொன்னா முள்ளைக் காட்டியிருப்பீங்க.’

உண்மைதான், காட்டியிருப்பேன்.

அப்பத்தான் மதில்சுவர்கிட்ட சங்கரபாண்டியன் சொன்னது ஞாபகத்துக்கு வந்துச்சு. சனிக்கிழமை எட்டு மணி. டிவியை நிறுத்திட்டுக் கேப்போம். தபால்காரருக்கு நேரமெல்லாம் குழம்பலை சார். எங்க வீட்டுல ஒருத்தனுக்குத்தான் குழம்பியிருந்துச்சு.

‘சனிக்கிழமை எட்டு மணிக்கு நீ என்ன செய்வ?’ன்னு கேட்டேன்.

‘துடைப்பேன்’னா. அப்புறம், ‘துடைச்சுட்டு வாசிப்பேன்’னா.

‘வாசி’ன்னேன்.

அவ சேலையை முழங்காலுக்குக் கீழ ஒரு மடிப்பு மடிச்சு, பக்கவாட்டுல சொருகிக்கிட்டு உக்காந்தா. அவ்வளவுதான் விஷயம். ஒரு மடிப்பு. இதுக்காகவா நான் அவ்வளவு பெரிய பேச்சுப் பேசினேன்? வெறுங்காலை மிதி மேல வச்சா. அந்தக் காலுக்கு மிதி எங்க இருக்குன்னு தெரிஞ்சிருந்துச்சு. நான் நாலு வருஷமாக் குனிஞ்சு பாத்துத்தான் வைப்பேன்.

அவ வாசிச்சதை நான் சொல்ல மாட்டேன். எனக்குச் சொல்லத் தெரியாது. நான் மிஷினை மாட்டிக்கிட்டுத்தான் கேட்டேன், பழக்கம். பாதியில அந்தப் பச்சை விளக்கு எங்கயோ மங்கலாத் தெரிஞ்சுது. மிஷினுல பேட்டரி போச்சுன்னு தட்டிப் பாத்தேன். பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணுலதான் தண்ணி.

மறுநாள் ஐயருகிட்ட எழுத்து மூலமா ராஜினாமா கொடுத்தேன். நகல் ரெண்டு. அவளை ஸ்டூல்ல உக்கார வைக்கணும்னு கமிட்டியில சொன்னப்ப ஒருத்தன் கேக்கான் சார், ‘அண்ணாச்சி, சேலை கட்டின பொம்பளை நானூறு பேருக்கு முன்னால முழங்காலை ஆட்டினா நல்லாவா இருக்கும்?’ எனக்கு வந்துச்சே கோவம். ‘எந்தக் காலத்துல இருக்கீரு வே? இப்படிப் பேசுதவனை எல்லாம் கமிட்டியில யாரு சேத்தது?’ன்னு கேட்டுட்டேன். இந்த மாதிரி ஆளுங்களும் இன்னும் இருக்கத்தான் செய்யுதாவ.

இப்ப ஞாயித்துக்கிழமை என் வேலை, ஸ்டூலைத் தூக்கிக்கிட்டுப் போய்ப் போடணும். பாட்டுப் புஸ்தகத்துல பக்கம் திருப்பணும். ஆளுங்க வந்து அவ கையைப் பிடிக்காவ. எனக்கு ஒண்ணும் இல்ல. முதல் வாரம் கொஞ்சம் இருந்துச்சு. ரெண்டாவது வாரமும் இருந்துச்சு. இப்ப கொறைஞ்சிருக்கு.

ஆனா ஒண்ணு, மிஷினுல கோளாறுன்னு மட்டும் யாரும் சொல்லப்படாது. மிஷின் பொய் சொல்லலை. அவ காதும் பொய் சொல்லலை. ரெண்டும் எப்படிச் சரியா இருக்கும்னு என்கிட்ட கேக்காதீங்க. ஒரு பொருளுக்கு ரெண்டு சரியான எடை நான் சர்வீஸ்ல பாத்ததில்ல. வேற கிட்டாருக்கு இது நல்லா உழைக்கும், உங்க கிட்டாரு சாதா கிட்டாருதானே? இந்த வீட்டுலதான் இதுக்கு வேலை இல்லாமப் போச்சு. நானும் மிஷினும் ரெண்டு பேரும் ரிட்டயர் ஆகி ஒரே வீட்டுல உக்காந்திருக்க முடியாது, அதான் விக்கேன்.

வாங்க, பரிசோதிச்சே காட்டுதேன். உள்ள வர வேண்டாம், வாசப்படியிலயே நிப்போம், அவளுக்குத் தொந்தரவா இருக்கும். இந்தா போட்டாச்சு. அவ இப்ப மீட்டுதது மூணாவது கம்பி. முள்ளைப் பாருங்க, இடப்பக்கம். பதிமூணு புள்ளி. எவ்வளவு துல்லியமாக் காட்டுது பாத்தீங்களா? இப்ப ஆறாவது. அதுவும் இடப்பக்கம். ஒரு தடவைகூட மாறாது, எழுதி வச்சுக்கிடலாம்.

சார், நீங்க மிஷினைப் பாக்கலை. இங்க, என் கையில இருக்கு பாருங்க. சார்.

சரி. பாட்டு முடியட்டும்.